ஒன்பதாவது கதவு

அத்தியாயம் பதினான்கு

பாப்பா பிறந்த வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வரும்போது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தாள். ஒன்றிலிருந்த துணிமணிகள் மறுநாளே அலமாரிக்குப் போய்விட்டன. மற்றது இன்னும் கூடத்து மூலையில் பூட்டியபடி நிற்கிறது.

ஏன் வந்தாள், எத்தனை நாள் இருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அண்ணி வீட்டில் எல்லோருக்கும் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தாள். எல்லோரும் என்றால் அவள் கணவர் ஒருவர்தான்.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். பாப்பாவுக்கு வயது நாற்பத்தொன்று. சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறாள். தொட்டிலில் கிடந்த தங்கைக்கு அண்ணன் வைத்த செல்லப்பெயர், ஸ்டியரிங் பிடித்த பிறகும் விட்டுப் போகவில்லை. அண்ணி கதையும் அதுதான். பாப்பாவுக்கு மட்டும் அண்ணியாக வந்தவள், இன்று தெருவுக்கே அண்ணி.

அந்த அண்ணியின் புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கே தடம் புரண்டது. கணவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

“தோல் வாங்கப் போறேன். மூணு மணிக்குள்ள வந்துடுவேன். தபால்காரம்மாவோட இடது கால் அட்டை கண்ணுல படலை, தேடி மேஜை மேல வை. வந்ததும் வெட்டணும்.”

கடையில் விற்கும் ஷூ எதுவும் பொருந்தாத கால்களுக்கு ஷூ தைப்பவர் அவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊரில் அவரை ஷூக்காரர் என்றால்தான் தெரியும்.

தபால்காரம்மாவின் இடது கால் வலதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. குதிகாலும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆறு வருடமாக அவளை அலுவலகத்துக்குள் உட்கார வைத்து முத்திரை குத்த விட்டிருக்கிறார்கள். அவளுக்கோ தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுப்பதில்தான் உயிர். “வர்ற திங்கட்கிழமை நடந்து காட்டும்மா, பழைய தெருவெல்லாம் உனக்கே” என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து, நாலு தடவை அளவு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு தடவையும் ஷூக்காரர் ஒரு கெட்டி அட்டையில் பென்சிலால் வரைவார். தோலை எந்த வளைவில் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மூன்று அட்டைகள் தோற்றன. நாலாவதை வரைந்துவிட்டுத்தான் “பிடிச்சுட்டேன்” என்று பென்சிலைக் கீழே வைத்தார். நகல் எடுத்து வைக்கும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. வலது கால் ஷூ தயாராகிவிட்டது. இடது காலை இன்று வெட்டினால்தான் சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்ற முடியும்.

அண்ணி பட்டறைக்குள் போனாள். மேஜை பளிச்சென்று இருந்தது. கத்திரிகள் உயர வரிசையில் கிடந்தன, ஆணிகள் டப்பாவுக்குள் போயிருந்தன. அட்டையைத்தான் காணோம். அலமாரியில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கடைசியில் மேஜைக்கு அடியிலிருந்த கழிவுப் பெட்டியைக் கவிழ்த்தாள்.

மேலே கிடந்த அட்டையில் அவர் கையெழுத்து: ‘தபால், இடது. மூணாவது. சரியில்லை.’

மூன்றாவது இங்கே. அப்படியானால் போன வாரம் இதற்கு மேலே கிடந்த அட்டைதான் நாலாவது. அதை ஒன்பது துண்டாக நறுக்கியதே அண்ணிதான்.

*

மாதத்தின் முதல் ஞாயிறு, சலவைக்கடை மாடியில் ஒன்பது பேர் கூடுவார்கள். ஆளுக்கு எட்டுத் துணிச்சீட்டு கொண்டுவர வேண்டும். விளையாடும் சீட்டு அளவுதான் இருக்க வேண்டும், ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. துணிமேல் துணி வைத்துக் கையால் தைத்து, அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு படம் கொண்டுவர வேண்டும். மற்ற எட்டுப் பேருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, அவர்கள் தைத்த எட்டை வாங்கிக்கொண்டு வர வேண்டும். முதல் தடவை “சீட்டுக்குப் போறேங்க” என்று அவள் கிளம்பியபோது, “ரம்மியா?” என்று ஷூக்காரர் கண்ணை உருட்டினார்.

சீட்டு விறைப்பாக நிற்க உள்ளே ஓர் அட்டை வேண்டும். அதற்குத்தான் கணவரின் கழிவுப் பெட்டி. மேஜைமேல் இருப்பதை அண்ணி விரலால்கூடத் தொட மாட்டாள். பெட்டியில் விழுந்தது எல்லாம் அவளுடையது. இருபது வருட ஒப்பந்தம்.

இந்த மாதத் தலைப்பு கதவு. முகப்புகளை எல்லாம் அண்ணி முன்பே தைத்து முடித்திருந்தாள். உள்ளட்டைதான் பாக்கி. பெட்டியில் மேலாகக் கிடந்த அட்டையை எடுத்தாள். பென்சில் கோடுகள் இருந்தன. அந்தப் பெட்டியில் கோடு இல்லாத அட்டை எங்கே இருக்கிறது? மூன்றுக்கு மூன்று என்று கச்சிதமாக ஒன்பது துண்டுகள் வந்தன. ஒரு துணுக்குகூட வீணாகவில்லை என்று அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெருமை!

எட்டுக் கதவுகள் எட்டுப் பேருக்குப் போய்விட்டன. ஒன்பதாவது, பாப்பாவுக்கென்று அதிகப்படியாகத் தைத்த ஒரு மஞ்சள் கதவு. லேசாகத் திறந்திருக்கும். கைப்பிடிக்குப் பதில் ஒரு குட்டிச் சட்டைப் பொத்தான். அதை அண்ணி யாரிடமும் சொல்லாமல், பூட்டிய பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தபோது அது பாப்பாவின் டாக்ஸியில், முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. நன்றி என்றோ நன்றாக இருக்கிறது என்றோ பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

சரி, மேஜையில் இருந்த அட்டை பெட்டிக்குள் எப்படிப் போனது? அண்ணி உயர வரிசையில் கிடந்த கத்திரிகளைப் பார்த்தாள். பாப்பா வந்த மூன்றாம் நாள். “சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஒரு மாதிரி இருக்கு அண்ணி” என்று துடைப்பத்தை எடுத்தாளே! அண்ணன் ஊருக்குள் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் பட்டறையைக் கோயில் மாதிரி ஆக்கிவிட்டாள். ஷூக்காரர் வந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை, பாவம். மனைவியின் உத்தரவு அப்படி.

வாசலில் டாக்ஸி உறுமும் சத்தம் கேட்டது. அண்ணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

“பாப்பா, இன்னிக்கு ஒரு நாள் சவாரிக்குப் போகாதே. என்னை ஏத்திக்கோ.”

“எங்கே அண்ணி?”

“எட்டு இடத்துக்கு.”

*

முன் சீட்டில் உட்கார்ந்ததும் அண்ணியின் கண்ணில் முதலில் பட்டது அந்த மஞ்சள் கதவு. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு என்றுதானே சொன்னாள்? ஒன்பது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டை விட்டு வந்தவளுக்குக் கொடுத்த ஒரே பொருள். அதையும் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது?

குழுவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. கொடுத்த சீட்டைத் திரும்பக் கேட்கக் கூடாது. கேட்டவரை மறுமாதம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சலவைக்கடைக்காரம்மாவுக்கு ஃபோன் போட்டு, தடுக்கித் தடுக்கி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது.

“அழாதீங்க அண்ணி. என்கிட்ட ஒண்ணு இருக்கு. பக்கத்துல இருக்கிற அஞ்சு பேரையும் நான் இழுத்துட்டு வரேன். ஆம்புலன்ஸ்காரரும் கணக்கு டீச்சரும்தான் தூரம். அவங்களை நீங்க பார்த்துக்கோங்க. டீச்சர்தான்...” என்று இழுத்தாள். “சட்டம் போட்டதே அவங்கதானே.”

பாப்பா வண்டியைத் திருப்பினாள். மீட்டரைத் துணி போட்டு மூடினாள்.

ஆம்புலன்ஸ்காரர் சவாரியில் இருந்தார். சவாரி என்றால் அவர் கோபித்துக்கொள்வார். ஆஸ்பத்திரி வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பாப்பாவின் ஃபோன் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் பார்த்துவிட்டுக் கட் பண்ணினாள்.

“கஸ்டமர்” என்றாள், யாரும் கேட்காமலே.

அண்ணி தலையாட்டினாள்.

“அண்ணி, ஒரு சந்தேகம். அண்ணன் மேஜைப் பக்கமே நீங்க போக மாட்டீங்க. அந்த அட்டை உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

அண்ணி ஆஸ்பத்திரி மதிலைப் பார்த்தாள். பாப்பா நல்லது செய்வதாக நினைத்துச் செய்த காரியம். வீட்டில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அவள் இப்போதுதான் மெல்லக் காலூன்றுகிறாள். இதைக் கேட்டால் இன்றைக்கே பெட்டியைத் தூக்கிவிடுவாள்.

“அவசரத்துல மேஜையிலேர்ந்து நானே எடுத்துட்டேன். புத்தி கெட்டுப் போச்சு, வேறென்ன.”

ஸ்டியரிங்மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த பாப்பா அதை நிறுத்திவிட்டாள்.

ஆம்புலன்ஸ்காரர் வந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்தே சீட்டை எடுத்தார். அவர் பங்குக்குக் கிடைத்தது நீலக் கதவு.

“எமர்ஜென்சின்னு ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே அண்ணி. சைரன் போட்டுக்கிட்டு வீட்டுக்கே வந்திருப்பேன்” என்றவர், கட்டுப் பிரிக்கும் கத்திரியால் இரண்டே வெட்டில் பின் தையலைப் பிரித்து அட்டையை உருவிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். “இது கட்டைவிரல் பக்கமா?”

“ஆமா.”

“நல்லா நடக்கச் சொல்லுங்க.”

*

கணக்கு டீச்சர் பள்ளிக்கூடத்து மதிய இடைவேளையில், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அண்ணி சொன்னதை எல்லாம் நிதானமாகக் கேட்டார். சிவப்புப் பேனாவை மூடினார்.

“சட்டம் உங்களுக்குத் தெரியும் இல்லையா?”

“தெரியும் டீச்சர்.”

“கொடுத்ததைக் கேட்கலாம்னு ஒருத்தருக்குத் திறந்து விட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு காரணத்தோட வருவாங்க. ‘என் பொண்ணு ஆசைப்படுறா’ம்பாங்க, ‘நல்லா அமைஞ்சது, மனசு வரலை’ம்பாங்க. அப்புறம் யாரு மனசாரக் கொடுப்பாங்க?”

டீச்சர் சொன்னது அண்ணிக்கு நியாயமாகவே இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது. தபால்காரம்மா போன தடவை வந்தபோது பழைய தெருக்களின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தது நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது.

பாப்பா பின்னால் நின்றிருந்தாள். பயணிகளோடு பேசிப் பழகிய வாய்.

“டீச்சர், ஒரு கேள்வி. யாராவது என் வண்டியில பையை மறந்துட்டுப் போனா, வந்து கேட்கிறாங்க. பையைக் கொடுக்கிறேன். அதுக்காக வண்டியைக் கேட்டதா ஆகுமா?”

டீச்சர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஆல்பத்தை எடுத்தார். மாதவாரியாக, எண் போட்டு, சீட்டுகள் வரிசையாக இருந்தன. பச்சைக் கதவை உருவினார்.

“சீட்டு என்னோடது. அதைக் கொடுக்க மாட்டேன். உள்ளே மறந்து வெச்சது உங்களோடது. அது வேற.”

அவரே ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். ஒரு நூலையும் அறுக்கவில்லை. மணி அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது அட்டை வெளியே வந்தது. டீச்சர் வெற்றுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு நெருக்கமாவா தைப்பீங்க? உள்பக்கத்தை யாரு பார்க்கப் போறாங்க?”

“அப்படியே பழகிடுச்சு டீச்சர்.”

“நல்ல பழக்கம்” என்று சொல்லிவிட்டு டீச்சர் வகுப்புக்கு நடந்தார். நாலடி போய்த் திரும்பினார். “அடுத்த மாசத் தலைப்பு காலணின்னு வெச்சுக்கலாமா?”

அன்று காலையிலிருந்து அண்ணி சிரித்தது அப்போதுதான்.

சலவைக்கடையில் ஆறு அட்டைத் துண்டுகளும் இஸ்திரி மேஜையில் காத்திருந்தன. பிரித்த ஆறு கதவுகளும் பக்கத்தில் தொளதொளவென்று கிடந்தன. சலவைக்கடைக்காரம்மா எட்டுத் துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். கீழ் வரிசையில் இடது மூலை காலியாக இருந்தது.

“ஒண்ணு குறையுதே அண்ணி?”

“அது... வீட்டுல இருக்கு” என்று அண்ணி மென்று விழுங்கினாள்.

*

வீடு திரும்பியபோது மணி மூன்று பத்து. ஷூக்காரர் புதுத் தோலை மேஜையில் விரித்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவிழ்ந்து கிடந்த கழிவுப் பெட்டியைப் பார்த்திருந்தார்.

அண்ணி பூசி மெழுகவில்லை. எட்டுத் துண்டுகளையும் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். மேஜையிலிருந்து நானே எடுத்துவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஷூக்காரர் முகம் சிவந்தது. “மூணு மாசம் பட்ட பாடு! ஒன்பது துண்டா நறுக்கி ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு வந்திருக்கே!” என்று எழுந்தார். எழுந்த வேகத்திலேயே நின்றார். மனைவியை உற்றுப் பார்த்தார். “நீ என் மேஜையிலேர்ந்து எடுத்தியா? நீயா?”

“ஆமாங்க.”

“இருபது வருஷத்துல என் பென்சிலைக்கூட நீ தொட்டதில்லை.”

அண்ணி தலை குனிந்துகொண்டாள். அவர் வேறு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, துண்டுகளைப் பொருத்த ஆரம்பித்தார். டேப் கிழியும் சத்தம் மட்டும் கேட்டது. விரல் பக்கம் சேர்ந்தது. மேல் வளைவு சேர்ந்தது. மூலையில் ஒரு சீட்டு அளவுக்கு ஓட்டை.

“குதிகால்” என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. “நாலு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டது அந்த ஒரு கட்டத்தைத்தான். மத்ததெல்லாம் நான் தூக்கத்துலகூடப் போடுவேன். அது எங்கே?”

தபால்காரம்மாவின் ஆறு வருடம் ஒரு பக்கம், வாசலில் நிற்கும் டாக்ஸி ஒரு பக்கம். அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள்.

பாப்பா விடுவிடுவென்று வெளியே போனாள். வண்டிக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் மஞ்சள் கதவு இருந்தது.

“காலையிலேர்ந்து நீங்க ரோட்டைப் பார்க்கவே இல்லை அண்ணி. இதைப் பார்க்கிறீங்க, மூஞ்சியைத் திருப்புறீங்க. இதைப் பார்க்கிறீங்க, திருப்புறீங்க. எனக்கு எண்ணத் தெரியாதா? ஆஸ்பத்திரி வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. நீங்களே கேட்பீங்கன்னு இருந்தேன்.”

“கொடுத்ததை எப்படிம்மா கேட்பேன்?”

“அதுக்காக?” பாப்பா அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, அண்ணி பொய் சொல்றாங்க. மேஜையை ஒழுங்கு பண்றேன்னு அட்டையை எல்லாம் பெட்டியில தள்ளினது நான்தான்.”

ஷூக்காரர் தங்கையைப் பார்த்தார். பிறகு உயர வரிசையில் கிடந்த கத்திரிகளைப் பார்த்தார்.

“தெரியும்” என்றார். “அன்னியிலேர்ந்து என்னோட சுத்தியலைத் தேடிக்கிட்டிருக்கேன். கேட்கக் கூடாதுன்னு இவ உத்தரவு.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். பாப்பாவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு, அண்ணனின் மேஜையிலிருந்த மெல்லிய கத்தியை எடுத்தாள். மஞ்சள் கதவைத் திருப்பிப் போட்டு, பின் தையலைத் தானே பிரித்தாள்.

ஒன்பதாவது துண்டு மூலையில் போய் அச்சாக உட்கார்ந்தது. குதிகால் வளைவு ஒரு முடிகூட விலகாமல் சேர்ந்தது. ஷூக்காரர் அதன்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

“தபால்காரம்மா நடக்கிறதுக்கு முன்னாடி அவங்க கால் ஊரைச் சுத்திட்டு வந்திருச்சு” என்று சொல்லிவிட்டு, அட்டையைத் தோலின்மேல் வைத்து வெட்ட ஆரம்பித்தார். அண்ணிக்கு அந்தக் கத்தி தோலில் இறங்கும் சத்தம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

*

ஐந்து மணிக்கு அண்ணி கூடத்து ஜன்னல் ஓரம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாள். சலவைக்கடையிலிருந்து கொண்டுவந்த வெற்றுக் கதவுகளுக்கு எல்லாம் புது உள்ளட்டை வைக்க வேண்டும். ‘மூணாவது, சரியில்லை’ என்ற அட்டையை ஷூக்காரரே நறுக்கிக் கொடுத்திருந்தார். இனிமேல் அவர் பார்த்துக் கொடுப்பதுதான் அட்டை என்று ஒப்பந்தத்தில் ஒரு திருத்தமும் போட்டிருந்தார்.

முதலில் மஞ்சள் கதவை எடுத்தாள்.

“அதுக்கு அட்டை வேண்டாம் அண்ணி” என்றாள் பாப்பா.

மூலைக்குப் போய், பூட்டியிருந்த பெட்டிக்கு முன் உட்கார்ந்தாள். பதினோரு நாளாக நின்ற பெட்டி திறந்தது. மேலாக இருந்த கெட்டியான நீளக் காகிதம் ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, இன்னொரு தடவையும் மடித்து அண்ணியின் மடியில் வைத்தாள்.

“இதை உள்ளே வெச்சுத் தைச்சிடுங்க. படிக்காம.”

அவள் ஃபோன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை கஸ்டமர் என்று சொல்லவில்லை. அணைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

அண்ணி படிக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் மடிப்பின் வெளிப்பக்கம் தட்டச்சில் இருந்த ஒரு வரி, துணிக்குள் நுழைக்கும்போது தானாகக் கண்ணில் விழுந்தது. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரில் வர வேண்டும். கீழே தேதி. அண்ணி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். அது நாளைக்குத்தான்.

ஒரு பக்கம் தைத்தாள். இரண்டாம் பக்கம் தைத்தாள். மூன்றும் நாலும் எப்போதும் போல நெருக்கமாகவே தைத்தாள்.

“முடிச்சுப் போட்டாச்சா அண்ணி?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போட்டாச்சும்மா.”

அன்றைக்கு அவள் சொன்ன இன்னொரு பொய் அது. நாளைக் காலை தேவைப்பட்டால் ஓர் இழுப்பில் மொத்தமும் பிரிகிற மாதிரி நூல் நுனியை மஞ்சள் கதவின் ஓரத்தில் செருகிவிட்டு, ஊசியை மட்டும் கழற்றி எடுத்தாள்.